கள்ளாட்டமும் கடிதமும்

பசுமலையில் எங்கள் தெருவுக்கு ஒரு குணம் உண்டு. திருப்பரங்குன்றத்துப் பக்கம் வானம் கறுத்துக் காற்றுக் கிளம்பினால் போதும். முதல் துளி மண்ணில் விழுவதற்கு முன்பே மின்சாரம் போய்விடும். சென்ற ஐப்பசியில் அப்படிப் போன மின்சாரம் திரும்பி வந்த ஒரு மாலையில், அடுத்த வீட்டுப் பையன் கையில் கைபேசியுடன் என் வாசலில் வந்து நின்றான். வயது 13. அழுதுவிடக் கூடாது என்ற வைராக்கியம் முகத்தில் தெரிந்தது.

“தாத்தா, நான் ஆட்டத்தை விட்டு ஓடலை. கரண்ட்டுதான் போச்சு. சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க.”

“யாருப்பா நம்ப மாட்டேங்குறாங்க?”

பையன் விழித்தான். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

இணையத்தில் சதுரங்கம் ஆடும் தளம் ஒன்றில் அவன் உறுப்பினன். எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமில்லை. நாலைந்து நாட்களாக, ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போயிருக்கிறது. வீட்டில் வைஃபை பெட்டி அணைந்தால் பையனுடைய ராஜாவும் மந்திரியும் அணைந்துபோகிறார்கள். எதிரே ஆடுகிறவர் உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறாரோ, அவருக்குத் தெரிவது ஒன்றுதான்: தோற்கப் போகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டான். தளம் கணக்கு எடுத்து, சில நாட்களுக்கு அவனை உள்ளே வரவிடாமல் கதவை அடைத்துவிட்டது. மறுநாள் அவன் ஆட இருந்த சிறுவர் பந்தயமும் அதோடு போயிற்று.

அந்தத் தளம் அனுப்பிய கடிதத்தை வாங்கிப் படித்தேன். மூன்று வாக்கியங்கள். நீங்கள் ஆட்டங்களைக் கைவிட்டிருக்கிறீர்கள், இது எதிராளிக்குச் செய்யும் அவமரியாதை, ஆகவே தடை விதிக்கப்படுகிறது என்பது சாரம். கதை எழுதிப் பிழைப்பவனுக்குக் கடிதம் படிப்பது தொழிலில் பாதி. ஒரு கடிதத்தை எழுதியவர் யார், யாரை மனத்தில் வைத்து எழுதினார், எதைச் சொல்ல வந்து எதை விட்டார் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு விடாது. இந்தக் கடிதத்தில் எழுதியவரும் இல்லை, படிப்பவரும் இல்லை. அவமரியாதை என்ற கனமான சொல் மட்டும் இருக்கிறது. அதை ஒரு சிறுவன் தலையில் வைத்துவிட்டு, வைத்த கை மறைந்துகொள்கிறது.

ஆனாலும் அவசரப்பட்டுத் தளத்தின் மேல் பாய எனக்கு விருப்பமில்லை. அவர்களுடைய கஷ்டமும் கொஞ்சநஞ்சம் அல்ல.

சதுரங்கத் தளத்தில் உறுப்பினருக்குக் கொடுத்திருக்கும் ஒவ்வொரு வசதியும் நல்ல எண்ணத்தில் கொடுத்ததுதான். கை தவறி நகர்த்தியதைத் திரும்பப் பெறக் கேட்கலாம். சமன் செய்துகொள்ளலாமா என்று கேட்கலாம். எதிராளியோடு பேசலாம். ஒழுங்கு தவறுகிறவர்மீது புகார் கொடுக்கலாம். திண்ணையில் உட்கார்ந்து ஆடும்போது இரண்டு பேருக்குள் இயல்பாக நடப்பவைதாம் இவை எல்லாம். ஆனால் முகம் மறைந்ததும் இந்த வசதிகளே ஆயுதங்களாகிவிடுகின்றன. தோற்கும் நிலையில் உள்ளவர் நிமிஷத்துக்கு ஒருமுறை ‘சமன்’ கேட்டு எதிராளியின் கவனத்தைக் குலைக்கிறார். இன்னொருவர் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். மூன்றாமவர் ஒன்றுமே செய்வதில்லை. தமக்கு மீதி இருக்கும் 10 நிமிஷம் ஓடி முடியட்டும் என்று காயைத் தொடாமல் கிடக்கிறார். ஜெயிக்கப் போகிறவர் அந்தப் பத்து நிமிஷமும் சிறை இருக்க வேண்டும். விதிப்படி அவர் நேரம் அவருடையதுதான். அதை எப்படிக் குற்றம் என்பது? என் பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்த வலை, உண்மையில் இந்த மூன்றாமவருக்காக விரித்த வலை.

லீசெஸ் என்று ஒரு தளம் இருக்கிறது. பிரான்ஸ் தேசத்துக்காரரான திபோ டியூப்ளெஸி 2010-ல் தொடங்கியது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. அதில் ஆட்டம் தொடங்கும்போது வணக்கம் சொல்லவும் வாழ்த்துச் சொல்லவும், முடிந்ததும் நன்றி சொல்லவும், தயாராகச் சில பொத்தான்கள் வைத்திருக்கிறார்கள். தட்டினால் போதும். ஆடுகிறவர்கள் பேசும் இடம் வேறு, வேடிக்கை பார்க்கிறவர்கள் பேசும் இடம் வேறு. வேண்டாதவர் பேச்சையே மூடிவிடலாம். தண்டிப்பதற்கு முன்னால் சபலத்துக்கே இடத்தைக் குறைத்துவிடும் ஏற்பாடு இது. எனக்கு மிகவும் பிடித்தது. கல்யாணப் பந்தியில் சண்டைக்காரச் சம்பந்திகளை எதிரெதிரே உட்கார வைக்காமல் இருக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் செய்கிற வேலை.

எல்லாவற்றிலும் பெரிய கள்ளாட்டம் யந்திரத்தின் உதவியை நாடுவதுதான். 1997-ல் காஸ்பரோவைத் தோற்கடிக்க, ஐ.பி.எம். கம்பெனி தனியாக ஒரு பெரிய யந்திரமே செய்ய வேண்டியிருந்தது. இன்றைக்கு உலக சாம்பியனை வெல்லக்கூடிய மூளை, காய்கறிக்காரர் சட்டைப் பையில் உள்ள கைபேசியில் அடங்கிவிடுகிறது. இந்த வகைக் கள்ளாட்டத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் என் அப்பத்தாவைப் பற்றி இரண்டு வார்த்தை.

விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தாயம் நடக்கும். அப்பத்தாதான் நீதிபதி. கட்டையை உருட்டாமல் நைசாக வைத்துவிட்டுத் ‘தாயம்’ என்று கூவுகிறவனை அவள் கண் தப்பவிடாது. முதல் தடவை அந்த ஆட்டம் செல்லாது. இரண்டாம் தடவை, “எந்திரிச்சுப் போயி ஓரமா உக்காருடா” என்பாள். எழுந்து போகிறவனுக்கு எதற்காகப் போகிறோம் என்று தெரியும். சுற்றியிருந்த நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்போம். கால் மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வாள். பழைய காலத்தைப் புகழ்ந்துவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டுமே! அத்தை மகன் கட்டையை வைத்தால் மட்டும் அப்பத்தாவுக்குக் கண் மங்கிவிடும். மகள் வயிற்றுப் பேரன். “சின்னப்புள்ள, போகட்டும் விடு” என்பாள். அவன் எங்கள் எல்லாரையும்விட இரண்டு வயது மூத்தவன்.

2021-ம் ஆண்டு ஜூன் 13-ம் தேதி நடந்த சங்கதி இது. கொரோனா இரண்டாம் அலையின் துயரம் தேசம் முழுதும் பரவியிருந்த சமயம். அக்ஷய பாத்ர அறக்கட்டளையின் நிவாரணப் பணிக்காகப் பணம் திரட்ட, செஸ்.காம் தளத்தில் விசுவநாதன் ஆனந்த் பிரபலங்கள் பலரோடு ஒரே சமயத்தில் ஆடினார். நடிகர் ஆமீர்கான் ஆடினார். கிரிக்கெட் வீரர் சஹல் ஆடினார். ஐந்து முறை உலக சாம்பியனான ஆனந்த், பங்குச் சந்தைத் தொழிலில் கோடி கோடியாய்ச் சம்பாதித்த ஸெரோதா நிறுவனத்தின் கூட்டு ஸ்தாபகர் நிகில் காமத்திடம் தோல்வியை ஒப்புக்கொண்டார்! காமத்தின் காய் நகர்த்தல்களில் ஏறக்குறையப் பிழையே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் வியந்தார்கள், பிறகு சந்தேகித்தார்கள். தளம் அவருடைய கணக்கை மூடியது. மறுநாள் காமத் தாமே உண்மையைச் சொன்னார். ஆட்டத்தை ஆராய்ந்து சொன்ன ஆட்களின் உதவியும் கம்ப்யூட்டரின் உதவியும் தமக்கு இருந்தன என்றும், விளையாட்டாகவும் தர்ம காரியத்துக்காகவும் செய்தது இவ்வளவு குழப்பம் உண்டாக்கும் என்று நினைக்கவில்லை என்றும் எழுதி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஆனந்த் என்ன சொன்னார்? பலகையில் இருந்த நிலையைப் பார்த்துத் தாம் ஆடியதாகவும், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் சொன்னார். அவ்வளவுதான். கோபத்தை இதைவிட மரியாதையாகச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வரும்? நாவலில் ஒரு பாத்திரத்தை இந்த இடத்தில் இப்படிப் பேச வைக்க நான் ஒரு வாரம் தவம் கிடந்திருப்பேன். ஒரு சொல்கூட வசை இல்லை. ஆனால் எதிராளி தப்பித்துப் போக ஒரு சந்தும் இல்லை.

ஓரிரு நாட்களில் செஸ்.காம் காமத்தின் கணக்கைத் திறந்துவிட்டது. அது தரவரிசைப் புள்ளிகளுக்கான ஆட்டம் அல்ல, ஆனந்தும் விஷயத்தை மேலே கொண்டுபோக விரும்பவில்லை என்று இரண்டு காரணங்கள் சொன்னார்கள்.

விமரிசகன் நிற்க வேண்டிய இடம் இதுதான். மன்னித்ததை நான் குறை சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குக் கதவைத் திறப்பது நல்ல காரியம். ஆனால் அந்தக் காரணங்கள்! புள்ளி இல்லாத ஆட்டம் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தெரிந்த சங்கதி. கணக்கை மூடும்போது அது ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை? இரண்டாவது காரணம் இன்னும் மோசம். ஆனந்த் மன்னித்தது ஆனந்துக்கு நேர்ந்ததை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும், தர்மத்துக்குப் பணம் அனுப்பியவர்களுக்கும், அன்று அதே பலகையில் சொந்த புத்தியால் ஆடித் தோற்றுப்போன மற்றப் பிரபலங்களுக்கும் நேர்ந்ததை மன்னிக்க அவர் யார்? அவரும் அப்படி உரிமை கொண்டாடியதாகத் தெரியவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள், தங்கள் தோளில் இருந்த சுமையைப் பாதிக்கப்பட்டவருடைய பெருந்தன்மையின் மேல் இறக்கி வைத்துவிட்டார்கள். ‘அவரே ஒப்புக்கொண்டார், பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், எங்களிடம் இப்படிக் கேட்கிற யாருக்கும் இரண்டாம் வாய்ப்புத் தருவோம்’ என்று எழுதியிருந்தால் அது யாருக்கும் பொருந்துகிற தீர்ப்பாக இருந்திருக்கும். அவர்கள் எழுதியதோ, எதிரே உலக சாம்பியன் உட்கார்ந்திருக்கும் பாக்கியம் பெற்றவருக்கு மட்டுமே பொருந்தும். என் அப்பத்தா உயிரோடு இருந்தால் அந்தக் குறிப்பைப் புரிந்துகொண்டு சிரித்திருப்பாள்.

அடுத்த ஆண்டே அதே தளம் நேர் எதிரான தவறு ஒன்றைச் செய்தது என்பது என் அபிப்பிராயம். இங்கே கடிதம் மிக நீளம். 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த ஸிங்க்ஃபீல்ட் கோப்பைப் பந்தயத்தில் இளைஞர் ஹான்ஸ் நீமானிடம் தோற்ற மாக்னஸ் கார்ல்ஸன், பந்தயத்தை விட்டே விலகினார். ஊகங்கள் உலகமெல்லாம் பறந்தன. 12 வயதிலும் 16 வயதிலும் இணையத்தில் கள்ளாட்டம் ஆடியது உண்டு, நேர்ப் பலகையில் ஒருபோதும் இல்லை என்றார் நீமான். அக்டோபரில் செஸ்.காம் 72 பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டது. இணையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அவர் கள்ளாட்டம் ஆடியிருக்கக்கூடும் என்றது. நேர்ப் பலகையில் ஆடினார் என்பதற்கு முடிவான சான்று இல்லை என்றும் சொன்னது. வழக்கு வந்தது, 10 கோடி டாலர் கேட்டு. 2023 ஜூனில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகஸ்டில் சமரசம் ஆயிற்று. நீமான் மறுபடி தளத்தில் ஆட வந்தார். தக்க காரணமில்லாமல் பந்தயத்தை விட்டு விலகியதற்காகச் சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் கார்ல்ஸனுக்கு 10,000 யூரோ அபராதம் விதித்தது.

அந்த 72 பக்கத்தில் கணக்கும் வரைபடமும் ஏராளம். என்னை உறுத்தியது கணக்கு அல்ல. இளைஞருக்கும் தளத்தின் அதிகாரிக்கும் நடந்த அந்தரங்கக் கடிதப் போக்குவரத்தையும் அதில் வெளியிட்டிருந்தார்கள். அவர் பொதுவில் முழு உண்மை சொல்லவில்லை, அதனால் வெளியிட்டோம் என்பது அவர்கள் கட்சி. இருக்கலாம். ஆனால் இத்தனை வருஷமாய் அவர்கள் நடத்திவந்த முறையே என்ன? பிடிபட்டவரிடம் தனியாகப் பேசுவது. ஒப்புக்கொண்டால் பேரை வெளியே சொல்லாமல் வேறு கணக்குத் தொடங்க விடுவது. டஜன் கணக்கான கிராண்ட்மாஸ்டர்கள் பிடிபட்டதுண்டு என்பதும், உலகின் முதல் 100 பேரில் நால்வர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அந்த அறிக்கை தந்த செய்திதான். அவர்கள் பெயர் இல்லை. ஒருவருக்குப் பூட்டு; ஒருவருக்குத் திறந்த வீடு. இனிமேல் தவறு செய்துவிட்டு மனம் திரும்ப நினைக்கும் பையன் எவனாவது அந்த அதிகாரிக்கு மனம் விட்டு ஒரு கடிதம் எழுதுவானா என்று நான் யோசித்துப் பார்க்கிறேன்.

இதற்குத் தளத்தார் சொல்லும் சமாதானம் ஒன்று எனக்கும் தெரியும். எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதை விளக்கிச் சொன்னால் கள்ளாட்டக்காரன் அதைப் பாடமாகப் படித்துக்கொண்டு அடுத்த முறை தப்பித்துக்கொள்வான் என்கிறார்கள். வாஸ்தவம். பூட்டின் சூட்சுமத்தைத் திருடனுக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் எந்த ஆட்டம், எந்தத் தேதி, எந்த விதி என்பதைச் சொல்வதால் எந்தப் பூட்டும் உடைந்துபோகாது. எந்த விதி என்பதை என் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொன்னார்கள். எந்த ஆட்டங்கள், எந்தத் தேதிகளில் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நேரங்களில் எங்கள் தெருவே இருட்டாயிருந்தது என்று தெருவே சாட்சி சொல்லியிருக்கும்.

மின்சாரமும் இணைப்பும் போவது இந்தச் சிறுவனுக்கு மட்டும் வந்த விதியும் அல்ல. 2020-ல் இணையத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில், ரஷ்யாவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த நம் நாட்டு நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு அறுந்து ஆட்டத்தை இழந்தார்கள். இந்தியா முறையிட்டது, சம்மேளனம் விசாரித்து, இரு நாடுகளையும் வெற்றி பெற்றதாக அறிவித்தது. அந்த முடிவு சரிதானா என்று சதுரங்க விற்பன்னர்கள் இன்றும் வாதாடலாம். எனக்கு வேண்டியது வேறு. ‘தொடர்பு அறுந்தது’ என்று சொன்னதைக் கேட்க அங்கே ஒரு மனிதர் இருந்தார்.

இன்னொரு வசதியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எல்லாத் தளங்களிலும் புகார்ப் பொத்தான் என்று ஒன்று இருக்கிறதே, மற்ற எல்லா வசதிகளையும்விட அதிகம் கெட்டுப்போகக் கூடியது அதுதான். நம் ஊரில் இதன் பழைய பெயர் மொட்டைக் கடிதாசி. தோற்றவனுக்குத் தன் தோல்விக்கு ஒரு காரணம் வேண்டும்; ஜெயித்தவன் அயோக்கியன் என்பதைவிட ஆறுதலான காரணம் வேறு என்ன கிடைக்கும்? பெயரில்லாதவர்கள் இதைச் செய்தால் சகித்துக்கொள்ளலாம். முன்னாள் உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் சொந்தப் பெயரிலேயே செய்தார். 2023 நவம்பரில், தொடர்ந்து 46 ஆட்டங்களில் 45½ புள்ளி எடுத்த ஹிகாரு நகமுராவின்மேல் சந்தேகத்தைக் கிளப்பினார். தளம் ஆராய்ந்து, அதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை என்றது. அடுத்த மாதம் தங்கள் தளத்தில் கிராம்னிக் எழுதிவந்த பகுதியையே மூடிவிட்டது. 2024-லிருந்து அவர் டேனியல் நரோடிட்ஸ்கியைச் சுட்டத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான சிறுவர்களுக்கு இணையத்தின் வழியாகச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்த அந்த அமெரிக்க இளைஞர் குற்றச்சாட்டை மறுத்துக்கொண்டே இருந்தார். 2025 அக்டோபரில், 29 வயதில் இறந்துபோனார். அந்த மரணத்துக்குக் காரணம் தேடுவது என் வேலையல்ல. கடைசி மாதங்களில் அந்தச் சொல் அவரை எவ்வளவு வருத்தியது என்பதை அவரே சொல்லியிருந்தார். அவருடைய மறைவுக்குப் பிறகு சர்வதேசச் சம்மேளனம் கிராம்னிக்கின் பேச்சுகள் குறித்துத் தன் நெறிமுறைக் குழுவிடம் புகார் கொடுத்தது. கொஞ்சம் முன்னாலேயே யாராவது, “எந்திரிச்சுப் போயி ஓரமா உக்காருடா” என்று சொல்லியிருக்கலாம்.

பையனிடம் வருகிறேன். அவன் வீட்டுச் சுவரில் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் இருக்கிறது: அரவிந்த் சிதம்பரம். எங்களுக்குப் பக்கத்தில் திருநகரில் தாத்தாவிடம் சதுரங்கம் கற்றுக்கொண்டு, 2025-ல் பிராக் நகரத்துப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர். பையனுக்கு அந்தப் பந்தயத்தின் ஆட்டங்கள் மனப்பாடம். அப்படிப்பட்டவனுக்குத் தடை ஒரு வாரமா, ஒரு மாதமா என்பது பெரிதாகத் தோன்றவில்லை. ‘அவமரியாதை’ என்ற ஒரு சொல்தான் அவனைச் சுட்டது.

“நீங்க எழுத்தாளர்தானே தாத்தா, நல்ல இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க” என்றான்.

நான் மறுத்துவிட்டேன். அவன் வழக்கை அவன்தான் சொல்ல வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அரை மணி நேரம் தட்டித் தட்டி எழுதினான். வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனையாவது நகர்த்தலில் மின்சாரம் போயிற்று என்று எழுதியிருந்தான். மூன்றாவது ஆட்டத்தில் தான் ஜெயித்துக்கொண்டிருந்ததாகவும், சந்தேகமிருந்தால் பலகையைப் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தான். முடிவில், எதிரே ஆடிய நாலு பேரிடமும் தன் வருத்தத்தைத் தெரிவிக்கும்படி கேட்டிருந்தான். இலக்கணப் பிழைகள் இரண்டு இருந்தன. திருத்தவில்லை.

கடிதம் கிடைத்தது என்று உடனே ஒரு பதில் வந்தது. அதை எழுதியதும் யந்திரம்தான். தடைக் காலம் முடிந்து, அவன் மறுபடி ஆடத் தொடங்கி, இப்போது தை பிறந்துவிட்டது. மனிதர் எழுதிய பதில் வந்திருக்கிறதா என்று அவனைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். இல்லை என்று தலையை ஆட்டுகிறான். மழைக்காலம் போனதால், ஆட்டம் மட்டும் தடையில்லாமல் நடக்கிறது.